தாருக்கு மேல் வெள்ளைத் துணி

தையல்காரரின் வாடகை வீடு மேல்மாடியில் இருந்தது. அவர் தலைக்கும் வெயிலுக்கும் நடுவே ஒரு காங்கிரீட் கூரை மட்டுமே. ஆகவே கோடையை அவர் ஒரு வேலையாகவே நடத்திவந்தார். விடிந்ததும் கிழக்கு ஜன்னல்களைச் சாத்துவார். உச்சிவேளைக்கு முன் மேற்கு ஜன்னல்களை. தாமே தைத்த கனத்த திரைகளை, பின்புறம் வைத்துத் தைத்த வெள்ளை அடித்துணி வெளிப்பக்கம் பார்க்கும்படி இழுத்துவிடுவார். வெளிக்காற்று ஆறிய பிறகே திறப்பு. அடுப்பு வேலை காலையோடு சரி. ஆளில்லாத அறையில் மின்விசிறி சுற்றாது. கோடை தொடங்குமுன் மொட்டைமாடிக்குச் சுண்ணாம்பு அடிப்பார். நடுப்பகலில் வருகிறவர்கள் ஏசி எங்கே என்று சுவர்களைத் தேடுவார்கள்.

அந்தத் துணிச்சலில்தான் அக்காவை அழைத்துவந்தார். இதய அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. வெப்பம் ஆகாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஏசி உள்ள தன் வீட்டுக்குத் தம்பி கூப்பிட்டும், முதலில் பெரியவனிடம் இருந்து பார்க்கிறேன் என்றுவிட்டாள். தாயில்லாத இருவரையும் வளர்த்தவள். அவளைத் தம்மோடு வைத்துக்கொள்வதைத் தவிர அந்த ஆண்டு அவருக்கு வேறு ஆசை இல்லை.

ஒரு பிற்பகல் கடையிலிருந்து திரும்பியபோது, ஜன்னல்கள் சாத்தியிருந்தும் வீடு கொதித்தது. அக்கா ஈரத்துணியை நெற்றியில் போட்டுத் தரையில் கிடந்தாள். காலையிலிருந்து மேலே ஆட்கள் நடந்தார்களாம். அவர் மாடியேறிப் பார்த்தார். சுண்ணாம்பு இருந்த இடமெல்லாம் தார்ப்பூச்சு, கன்னங்கரேல் என்று. செருப்பு ஒட்டியது.

கீழே வீட்டுக்காரர் வாசலிலேயே இருந்தார். ஒரு வார்த்தை கேட்காமல் செய்துவிட்டீர்களே என்றதற்கு அவர் சிரித்தார்.

"நல்லா இருக்கு டெய்லர். மழையில சொட்டுது சொட்டுதுன்னு என் வாசலைத் தேய்ச்சது யாரு? பூச்சுக்காரரைக் கையோட கூட்டிட்டு வந்தது யாரு?"

உண்மைதான். நூல் வாங்கும்போதுகூட வெயிலில் பிடித்து நிறம் பார்க்கிறவர், அந்தப் பூச்சுக்காரரிடம் ஒழுக்கு நிற்குமா என்று மட்டுமே கேட்டிருந்தார். என்ன நிறம் என்று கேட்கவில்லை. கோபம் வரும் என்று சற்று நின்று பார்த்தார். வரவில்லை. படியேறினார்.

தாரின்மேல் சுண்ணாம்பு அடித்தார். காய்ந்ததும் செதில் செதிலாக உரிந்தது. பிறகு, கடையில் மிஞ்சிய வெள்ளை அடித்துணிகளை ஒட்டித் தைக்க உட்கார்ந்தார். செங்கல் அடுக்கி அதன்மேல் கட்டினால் கூரைக்கு நிழல் கிடைக்கும். பாதி தைத்துக்கொண்டிருக்கையில் தம்பி காரோடு வந்துவிட்டான்.

"அண்ணே, உள்ள ரொட்டி சுடலாம் போலிருக்கே" என்றான்.

அக்கா அவனை அதட்டினாள். பிறகு இவரைப் பார்த்து, "மனசு இங்கதான்டா இருக்கு. உடம்பு கேட்கல" என்றாள்.

அவர் மாத்திரைகளை வேளைவாரியாகப் பிரித்து, பையில் வைத்துக் கொடுத்தார். கார் தெருமுனை திரும்பியதும் தையலுக்குத் திரும்பினார்.

மறுநாள் துணி மேலே ஏறியது. அதற்கடுத்த நாள் வீடு ஆறியது. தரையில் முதுகை வைத்துப் பார்த்தார், குளிர்ச்சி தெரிந்தது. யாரோ ஒருவர் வீட்டுத் தரை போல இருந்தது.

சில நாள் கழித்து அக்கா தொலைபேசியில் பேசினாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். தம்பி வீட்டில் கரண்ட் பில் எகிறுகிறதாம். பகலில் ஏசி போடுவதில்லையாம்.

"நீ பண்ற மாதிரியே விடிஞ்சதும் ஜன்னலைச் சாத்தச் சொல்லிட்டேன். ஆனா திரை மெலிசுடா, வெயில் அப்படியே உள்ள வருது."

"எந்தப் பக்கம்?"

"மேற்கு."

திரும்பி வருகிறாயா என்று அவர் கேட்கவில்லை. அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

"அகலம் எவ்வளவுன்னு பாரு."

"என்கிட்ட ஏதுடா நாடா? சாணால அளந்து சொல்லட்டுமா?"

"சொல்லு. உன் சாண் எனக்குத் தெரியும்."