பக்கத்து மாடிக்கு வரவேண்டிய வெயில்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மழை கொஞ்சம் ஓய்ந்திருந்த ஒரு திங்கட்கிழமை. மன்னார்புரத்தில் ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்து, கட்டப்போகும் வீடுகளைக் கம்ப்யூட்டரில் த்ரீடி படமாக வரைந்து கொடுக்கும் தொழிலைத் தனியாகத் தொடங்கியிருந்தேன். கடைக்கால் தோண்டுவதற்கு முன்பே தங்கள் வீடு எப்படி நிற்கப்போகிறது என்று பார்ப்பதில் எல்லோருக்கும் ஆசைதான்.

அன்று காலை நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் படியேறி வந்தார். தன் போனை என் முன்னால் நீட்டினார். திருவானைக்காவலில் ஒரு காலி மனையில் நான் வரைந்த படத்தைப் போட்டுக் கட்டியிருந்த ஃப்ளெக்ஸ் பேனரை அதில் போட்டோ எடுத்து வைத்திருந்தார். பேனர் மூலையில் இருந்த என் விலாசத்தைப் பார்த்துத்தான் வந்திருக்கிறார்.

"இந்தப் படம் நீங்க போட்டதுங்களா?"

பெருமையாக ஆமாம் என்றேன். பல வருடம் சிங்கப்பூரில் வேலை பார்த்துத் திரும்பிய ஒருவரின் மூன்று மாடி வீடு அது. எனக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை.

"இங்க ஒரு தென்னை மரம் நிக்குது பாருங்க. அந்த இடத்துலதாங்க நான் குடியிருக்கேன்."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. படம் எடுப்பாக இருக்கவேண்டும் என்று பக்கத்து வீடுகளை அழித்துவிட்டு மரமும் புல்லும் போடுவது எங்கள் தொழிலில் வழக்கம். ஏதோ சமாதானம் சொல்ல ஆரம்பித்தேன். அவர் கையை ஆட்டி நிறுத்தினார்.

"அது கிடக்கட்டுங்க. நான் கேக்க வந்தது வேற. இந்த வீடு எழும்பிட்டா என் மாடிக்கு வெயில் வருமா? கம்ப்யூட்டர்ல பாத்தா தெரியும்னு எம் பொண்ணு சொன்னா."

காட்டன் புடவைகளுக்குக் கஞ்சி போட்டு, காயவைத்து, தேய்த்துக் கொடுப்பது அவர் தொழில். அந்தப் பக்கத்து டீச்சர்கள், பேங்க்கில் வேலை பார்க்கிறவர்கள் எல்லோருடைய புடவையும் அவரிடம்தான் வருமாம். கஞ்சி போட்ட புடவை வெயிலில் சீக்கிரம் காயவில்லை என்றால் வாடை வந்துவிடும்.

எப்படியாவது அவரை அனுப்பிவிட வேண்டும் என்றிருந்தது எனக்கு. "வரும்க்கா, கவலைப்படாதீங்க" என்றேன்.

"பாத்துட்டு சொல்றீங்களா, பாக்காம சொல்றீங்களா?"

பார்த்துவிட்டே சொல்கிறேன் என்றேன்.

மறுநாள் டேப்போடு அவர் வீட்டுக்குப் போனேன். ஒரு முனையை அவர் பிடித்துக்கொள்ள, மொட்டைமாடி முழுக்க அளந்தேன். எட்டு கொடிக் கம்பிகள். அத்தனையிலும் விறைப்பாகப் புடவைகள். திரும்பி வந்து அந்த வீட்டையும் அளவு மாறாமல் வரைந்து, நான் வரைந்திருந்த மூன்று மாடி வீட்டுக்கு வடக்கே வைத்தேன். ஊர், மாதம், மணி ஆகிய மூன்றையும் கொடுத்தால் நிழல் எங்கே விழும் என்று அந்த சாஃப்ட்வேர் காட்டிவிடும்.

சித்திரையை வைத்துப் பார்த்தேன். பிரச்சினை இல்லை. மார்கழிக்கு மாற்றினேன். சூரியன் தெற்கே சாய்ந்துவிட்டது. காலை ஒன்பது மணிக்கு அந்த மாடி கிட்டத்தட்ட முழுக்க நிழலுக்குள் போய்விட்டது. மத்தியானத்திலும் பாதிக்கு மேல் நிழல்தான்.

எது மறைக்கிறது என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். வடக்கு ஓரத்தில் இருந்த தண்ணீர்த் தொட்டியையும், அதை மறைக்க நின்ற பன்னிரண்டடி அலங்காரச் சுவரையும் எடுத்ததுமே பாதி மாடியில் வெயில் விழுந்தது. அந்தச் சுவரை வீட்டுக்காரர் கேட்கவில்லை. இன்ஜினீயர் பிளானிலும் முதலில் கிடையாது. படம் கம்பீரமாகத் தெரியட்டும் என்று நானாகச் சேர்த்தது. பிடித்துப்போனதால் அவர் பிளானிலும் சேர்க்கச் சொல்லிவிட்டார்.

கொஞ்ச நேரம் கம்ப்யூட்டரை விட்டு எழுந்து நடந்தேன். நான் செய்ததை நானே போய்ச் சொல்லியாக வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன்.

ஸ்ரீரங்கத்தில் வீட்டுக்காரர் அப்போது குடியிருந்த வீட்டுக்கு லேப்டாப்போடு போய், நிழல் நகர்வதைக் காட்டினேன். முழுதாகப் பார்க்கக்கூட இல்லை, அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"நான் என் வீட்டைத்தானம்மா வரையச் சொன்னேன்? அடுத்த வீட்டையா வரையச் சொன்னேன்? சட்டப்படி அப்ரூவல் வாங்கித்தான் கட்டறேன்."

"அதுல தப்பே இல்ல சார். தப்பு என்னோடது. அந்தச் சுவர் படத்துக்காக நான் சேர்த்தது. வேண்டாம்னு நானே கேட்டுக்கறேன்."

"அந்தச் சுவருதான் வீட்டுக்கே அழகு. உனக்கு இஷ்டம் இல்லேன்னா வேற ஆள்கிட்ட குடுத்துக்கறேன்."

"குடுங்க சார். இந்த மார்கழி மாசத்தை மட்டும் கடைசிவரைக்கும் பாத்துட்டுக் குடுங்க."

லேப்டாப்பை மூடவில்லை. திரையில் ஒன்பது மணியிலிருந்து மூன்று மணி வரை நிழல் மெல்ல ஊர்ந்து முடியும்வரை உட்கார்ந்திருந்தேன். பிறகு கிளம்பி வந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் அவரிடமிருந்து போன் வந்தது. "அந்தச் சுவர் இல்லாம எப்படி இருக்கும்? ஒண்ணு போட்டு அனுப்பு."

அன்றைக்கே அனுப்பினேன். தொட்டியைத் தெற்குப் பக்கம் மாற்றி, சுவருக்குப் பதில் கம்பித் தடுப்பு போட்டிருந்தேன். பைப்பை வேறு வழியாகக் கொண்டுபோக வேண்டியிருக்கும் என்று இன்ஜினீயர் முனகினாராம். கடைசியில் வீடு அந்தப் புதுப் படத்தின்படியேதான் எழும்பியது. மாடி எண்ணிக்கையை மட்டும் அவர் குறைக்கவில்லை. அவர் மூலமாக வருவதாக இருந்த இன்னும் இரண்டு வேலைகளும் அப்புறம் வரவில்லை.

வீடு முடிந்த பிறகு வந்த மார்கழியில் அந்த அக்காவின் மாடிக்கு ஏறிப் பார்த்தேன். கம்பிகளை எல்லாம் அவிழ்த்து, வெயில் விழும் பக்கமாகத் திருப்பி நெருக்கமாகக் கட்டியிருந்தார்.

"பாதி போச்சுங்க. மீதி இருக்குல்ல, சமாளிச்சுக்கறேன்" என்றார், ஒரு புடவையை உதறிக்கொண்டே. நன்றி என்று எதுவும் சொல்லவில்லை. சொல்லும்படி நானும் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை.

இன்றைக்கும் புது வேலை வந்தால், முதலில் அந்தத் தெருவுக்குப் போய் அக்கம்பக்கத்து வீடுகளை அளந்து வந்து வரைந்துவிட்டுத்தான் வீட்டுக்காரரின் வீட்டைத் தொடங்குகிறேன். படம் அசிங்கமாக இருக்கிறது, அவற்றை எடுத்துவிடுங்கள் என்று சிலர் சொல்வதுண்டு. அங்கே மனிதர்கள் பிழைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பொறுமையாக எடுத்துச் சொல்கிறேனே தவிர, ஒரு வீட்டைக்கூட அழித்ததில்லை.