குவாரி கேம்பில் மெக்சிகோ சமையல்

துபாய்ப் பக்கம் ராஸ் அல் கைமா கல்குவாரி கேம்பில் எங்கள் லாரி நிற்கிறது. மெஸ் சமையல்காரர் செல்லையா, பரமக்குடிக்காரர், டின் சீஸை உருக்கி, வறுத்த மாட்டிறைச்சி சாசேஜையும் பச்சைமிளகாயையும் போட்டுக் கிண்டுகிறார். அமெரிக்க மேனேஜருக்கு ரொட்டியில் தொட்டுத் தின்ன மெக்சிகோ பதார்த்தம் வேண்டுமாம். இந்தப் பாலைவனத்தில் வேறு எதற்குக் குறை?

“ருசி பார்த்தீங்களா?” என்கிறேன்.

“மாட்டுக்கறிண்ணே, வாயில வைக்க மாட்டேன். மேனேஜருக்குப் பிடிச்சுப்போச்சுன்னா நான் கேட்ட லீவைத் தருவாரு. அடுத்த மாசம் தங்கச்சி கல்யாணம்.”

மேனேஜர் சூடு ஆறுவதற்குள் சட்டியை வழித்துத் தின்கிறார். கண்ணில் நீர் வழிகிறது. மிளகாயா, பாசமா, தெரியவில்லை. செல்லையாவின் தோளைத் தட்டுகிறார்.

“இப்படியொரு ஆளை ஊருக்கு அனுப்ப எனக்கென்ன பைத்தியமா? லீவு மாஃபி, கிடையவே கிடையாது.”

பாராட்டு என்றால் இதுவல்லவா பாராட்டு.

செல்லையா காலிச் சட்டியைப் பார்க்கிறார்.

“முன்னாடியே தெரிஞ்சிருந்தா உப்பை அள்ளிப் போட்டிருப்பேண்ணே.”