கதவுக்கு இந்தப் பக்கம்

ஒரே அறைக்குள் நடக்கும் படம் என்றால் எனக்குப் பைத்தியம். ரயில் பெட்டி, லிஃப்ட், நடுக்கடலில் ஒரு படகு, எதுவானாலும் சரி. உள்ளே ஓர் ஆபத்து இருக்க வேண்டும், வெளியேற வழி இருக்கக் கூடாது. பழைய கறுப்பு வெள்ளைப் படமாக இருந்தால் இன்னும் நல்லது. அந்தக் காலத்தில் செல்போன் கிடையாது, மாட்டிக்கொண்டவர் மாட்டிக்கொண்டவர்தான். ஒரு கைப்பிடி மெல்லத் திரும்புவதை மட்டும் காட்டியே என்னை நாற்காலியின் நுனிக்குக் கொண்டுவந்துவிடுவார்கள்.

அம்மாவுக்கு இது பிடிக்காது. "வீட்டுல சும்மா உக்காந்துக்கிட்டு எதுக்குடி வம்படியா பயப்படுற?" என்பார். அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, முழுப்படத்தையும் பார்த்துக்கொண்டே குறை சொல்வார். "எம்புட்டு நேரந்தான் யோசிப்பான்? கதவ ஒடச்சுட்டு வர வேண்டியதுதான?" உடைத்தால் படம் முடிந்துவிடும் என்று நான் எரிந்து விழுவேன்.

ஏன் பிடிக்கிறது என்று யோசித்திருக்கிறேன். நம் வீட்டுச் சண்டைகளில் யாரும் நழுவிவிடலாம். மொட்டைமாடிக்குப் போகலாம், டீ குடிக்கக் கிளம்பலாம், மாமியார் வீட்டுக்குப் போய்விடலாம். அந்தப் படங்களில் ஒருவராலும் நழுவ முடியாது. நல்லவர் மாதிரி பேசிக்கொண்டிருந்தவரின் சாயம் அரை மணி நேரத்தில் வெளுத்துவிடும். அதைப் பார்ப்பதில் எனக்கு ஓர் அற்பச் சந்தோஷம்.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் வீட்டுக்காரர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வண்டியூரில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தார். திருநகர் வீட்டில் நானும் அம்மாவும் அப்பாவும்தான். அப்பா குளிக்கப் போயிருந்தார். பாத்ரூமுக்குள் தொப்பென்று ஒரு சத்தம் கேட்டது. வாளி உருண்டது. அதற்குப் பிறகு குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் மட்டும்.

ஓடிப்போய்த் தட்டினேன். "அப்பா."

"விழுந்துட்டேன் ஆத்தா. எந்திரிக்க முடியல."

கதவில் கை வைத்தேன். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. எங்கள் வீட்டில் அவர் அதைப் போடாமல் ஒருநாளும் குளித்ததில்லை. தோளால் ஒரு இடி இடித்திருப்பேன், அதற்குள் அவர், "இடிக்காத, என் தல கதவுகிட்டதான் கெடக்கு" என்றார். உள்பக்கமாகத் திறக்கும் கதவு. தாழ்ப்பாள் பெயர்ந்தால் நேராக அவர் மண்டையில்தான் மோதும்.

"மாடி வீட்டு அண்ணனக் கூப்பிடுறேன்ப்பா."

"யாரும் வேணாம். மேல துணி இல்ல. துண்டு எட்டல." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னார். "உங்கம்மா மட்டும் வரட்டும்."

அம்மா வந்துதான் நின்றார். முட்டிவலிக்காரி, அழுவதைத் தவிர என்ன செய்ய முடியும்? கதவின் அடி இடுக்கு வழியே வந்த தண்ணீரில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது. அவர் மானம் பெரிதா உயிர் பெரிதா என்று யாராவது கேட்டிருந்தால் யோசிக்காமல் பதில் சொல்லியிருப்பேன். ஆனால் உள்ளே கிடப்பது அப்பா. அவர் வேண்டாம் என்கிறார். கையில் போனை வைத்துக்கொண்டு நின்றேன்.

பிறகு கூப்பிட்டேன். மாடியில் குடியிருப்பவர் கையில் கிடைத்த ரம்பத்தோடு இறங்கி ஓடிவந்தார். "என்னண்ணே பண்ணலாம்?" என்று நான் கேட்டதும், "பிளாஸ்டிக் கதவுதான், மேல்பாதிய அறுத்து எடுத்துருவோம் தங்கச்சி" என்றார். அந்த ஆண் குரல் கேட்டதோடு உள்ளே பேச்சு நின்றுவிட்டது.

"அப்பா."

பதில் இல்லை.

கோபமா, மயக்கமா? அப்பா கோபித்தால் நாள்கணக்கில் பேசமாட்டார், அது தெரிந்த கதை. ஆனால் உள்ளே ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது. நான் பார்த்த படங்களில் ஒன்றில்கூட கேமரா கதவுக்கு இந்தப் பக்கம் நின்றதில்லை. மாட்டிக்கொண்டவரோடு நம்மையும் உள்ளே வைத்துவிடுவார்கள். அவர் மூச்சு விடுவது தெரியும், கண் சிமிட்டுவது தெரியும். அந்தத் தைரியத்தில்தான் இத்தனை வருஷம் நான் பயந்து ரசித்திருக்கிறேன். இங்கே கண்ணுக்கெதிரே வெறும் கதவு. ரம்பம் போய்ப் போய் வந்தது.

"வையவாவது செய்யுங்கப்பா," என்று கதவில் வாயை வைத்துக் கத்தினேன். "கூப்பிட்டது நாந்தான். என்னைய வாய்க்கு வந்தபடி வைங்க."

தண்ணீர்தான் கொட்டிக்கொண்டிருந்தது.

மேல்பாதி கையோடு வந்தது. அதை எடுத்த வேகத்தில் அந்த அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "நீ ஏறு தங்கச்சி, நான் ஸ்டூலப் பிடிச்சுக்கிறேன்" என்றார். அம்மா வேட்டியை என் தோளில் போட்டார். ஏறி எட்டிப் பார்த்தேன். அப்பா ஒருக்களித்துக் கிடந்தார். புருவத்துக்கு மேலே கிழிந்திருந்தது. நான் அவரை மிதிக்காமல் உள்ளே இறங்கி, வேட்டியைப் போர்த்திவிட்டு முகத்தைப் பார்த்தேன். கண்களை இறுக மூடிக்கொண்டிருந்தார். மயங்கிய மனிதரால் அத்தனை இறுக்கமாக மூட முடியாது. அப்படியே ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

இடுப்பு எலும்பில் முறிவு. கோரிப்பாளையம் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தார்கள். நர்ஸோடு பேசினார், அம்மாவோடு பேசினார், பார்க்க வந்தவர்களோடெல்லாம் பேசினார். நான் கஞ்சி ஊட்டினால் சுவரைப் பார்த்துக்கொண்டு வாயைத் திறப்பார். எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. உயிரைக் காப்பாற்றியதற்கு இதுவா என்று கேட்டுவிட இருந்தேன்.

ஒருநாள் மத்தியானம் அம்மா வெளியே போயிருந்த நேரம் சுவரைப் பார்த்தபடியே கேட்டார்.

"அந்த மாடி வீட்டுத் தம்பி பாத்தாரா?"

"இல்லப்பா. அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாரு."

விரலால் போர்வை நுனியைச் சுருட்டினார்.

"நீயி?"

"வயிறு ஏறி எறங்குதான்னு பாத்தேன்ப்பா," என்றேன். "வேற எதுவும் என் கண்ணுல படல."

அப்பா மெல்ல முகத்தை என் பக்கம் திருப்பினார்.