ஓடிபி யாருக்குப் போகிறது

எங்கள் மாதப் பத்திரிகையை இனி அச்சடிப்பதில்லை என்று முடிவெடுத்த வாரம், ஆளாளுக்கு வந்து துக்கம் விசாரித்தார்கள். பேப்பர் விற்கிற விலையில் வேறு வழி என்ன என்றார் ஒருவர். இத்தனை வருஷம் ஓட்டியதே பெரிசு என்றார் இன்னொருவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இங்கே யார் செத்துப்போனார்கள்? சமையல், ஜாக்கெட் டிசைன், வீட்டு அலங்காரம், உடம்புக்கு வருகிற கோளாறு என்று எல்லாவற்றையும் தேனியில் உட்கார்ந்து எழுதி, கூடலூர் வரைக்கும் பெண்கள் கையில் சேர்த்தவள் நான். பஸ் ஸ்டாண்டு கடைகளில் புத்தகம் தொங்கிய கம்பியில் இப்போது செல்போன் கவர் தொங்குகிறது. சரி, செல்போனுக்கே போவோம் என்றேன். அந்தப் பெண்கள் கூடவே வந்தால் பத்திரிகை இருக்கும். வராவிட்டால் கடையைச் சாத்த வேண்டியதுதான். சாத்துகிற உத்தேசம் எனக்கு இல்லை.

அவர்கள் படித்த விதத்தைச் சொல்ல வேண்டும். திராட்சை குடோனில் வாங்கிய கூலியோடு வீடு போகிற வழியில் புத்தகத்தை எடுத்துக்கொள்வார்கள். படித்ததும் புடவை அடுக்குக்குள் வைப்பார்கள், பிறகு பக்கத்து வீட்டுக்குப் போகும். திறப்பது எப்போதும் பின்பக்கத்திலிருந்துதான். கடைசிப் பக்கத்தில் ஒரு பெண் டாக்டர் பதில் சொல்லுவார். உதிரப்போக்கு நிற்காதது, பிள்ளை தள்ளிப்போவது, கணவர் பக்கத்தில் வந்தாலே வலிப்பது, எதை வேண்டுமானாலும் பேர் போடாமல் கேட்கலாம். வீட்டு ஆண்கள் அட்டையைப் பார்த்துவிட்டு, ஏதோ கோலப் புத்தகம் என்று தள்ளிவிட்டுப் போவார்கள். அது எங்களுக்கு ரொம்ப வசதியாக இருந்தது.

மதுரையில் ஒரு சின்னக் கம்பெனி இணையதளம் செய்து கொடுத்தது. செய்த தம்பி, "லாகின் வைக்கணும் மேடம். போன் நம்பர் போட்டா ஓடிபி வரும், அதை அடிச்சா உள்ள போயிரலாம்" என்றார். எங்களுக்குப் பெரிய விளம்பரம் தருகிற நகைக்கடை முதலாளிக்கு இதைக் கேட்டதும் வாயெல்லாம் பல். "நம்பரு கையில இருந்தா தீபாவளிக்கு நானே மெசேஜ் போட்டுருவேன் தங்கச்சி. மொத வருசச் செலவு என்னோடது" என்றார். நானும் சரியென்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

சித்திரையில் வருகிற வீரபாண்டி அம்மன் திருவிழாவுக்கு முன்னால் வெளியிடுவதாக ஏற்பாடு. அதற்குள் ஒரு ஒத்திகை பார்த்துவிடலாம் என்று கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு திராட்சை குடோனுக்குப் போனேன். அங்கே பெட்டி அடுக்குகிற பெண்கள் எங்கள் பழைய வாசகிகள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எல்லாருக்கும் லிங்க் அனுப்பித் திறக்கச் சொன்னேன். ஆளுக்கொரு போன் இருந்தது. நம்பர் கேட்ட இடத்தில் மளமளவென்று அடித்துவிட்டு, ஓடிபிக்காகக் காத்திருந்தார்கள். ஒருத்திக்கும் வரவில்லை. டவர்தான் கிடைக்கவில்லையோ என்று நான் வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவதற்குள், குடோன் முழுக்க போன் அடிக்க ஆரம்பித்துவிட்டது.

அழைத்தவர்கள் கணவர்கள். ரேஷன் கடை, கேஸ், பேங்கு, பள்ளிக்கூடம் என்று எங்கே நம்பர் கேட்டாலும் வீட்டுக்காரர் நம்பரைச் சொல்லித்தான் இவர்களுக்குப் பழக்கம். இங்கேயும் கை தன்பாட்டுக்கு அதையே அடித்திருக்கிறது. ஓடிபி எல்லாம் தோட்டத்துக்கும் மார்க்கெட்டுக்கும் குமுளி போகிற ஜீப்புக்கும் போய்விட்டது. ஒருவர் போட்ட சத்தம் எனக்கே கேட்டது: "ஏய், என்னமோ நம்பரு வந்திருக்கு. எவன் கேட்டாலும் சொல்லிராத, பேங்குல கெடக்குறதை உருவிருவாய்ங்கெ!" குடோனே விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன்.

ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. போனைக் கையில் பிடித்தபடி என்னிடம் வந்தாள்.

"எங்க வீட்டுக்காரக என்ன புத்தகம்னு கேக்குறாகக்கா."

"கோலப் புத்தகம்னு சொல்லுத்தா."

"மெசேஜோட லிங்க்கும் போயிருக்கு. அவுக தொறந்து டாக்டர் பக்கம் வரைக்கும் பாத்துட்டாக" என்றாள். பிறகு, "இம்புட்டு நாளும் யாரையும் கேக்காமத்தான படிச்சேன். இனி அவுககிட்டக் கேட்டுத்தான் படிக்கணுமா?" என்றாள்.

அவர்கள் எடுத்து வைத்த சோற்றை அப்படியே மூடி வைத்துவிட்டு எழுந்தேன். இவளை எழுத வைக்கவும் படிக்க வைக்கவும்தான் நான் இத்தனை வருஷம் பாடுபட்டேன். அவள் ரகசியத்தை நானே கொண்டுபோய் அவள் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தது போல் இருந்தது.

அங்கிருந்தே மதுரைக்குப் போன் போட்டு லாகினை எடுக்கச் சொன்னேன். "அவங்கவங்க நம்பரைப் போடச் சொன்னாப் போதுமே மேடம்" என்றார் தம்பி. சொல்லலாம். பழக்கம் மாறுகிற வரைக்கும் கை தப்புகிற ஒவ்வொரு முறையும் ஒருத்தி வீட்டில் பதில் சொல்ல வேண்டுமே. எடுத்தே ஆக வேண்டும் என்றேன். நகைக்கடை முதலாளி முகம் கொடுத்துப் பேசவில்லை. "நம்பரு இல்லேன்னா எவ பாத்தா, எவ பாக்கலேன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். "புத்தகமா வித்தப்ப மட்டும் தெரிஞ்சுச்சாண்ணே?" என்று கேட்டேன். விளம்பரம் போனது. போகட்டும்.

கடைத்தெருவில் இருந்த ஆபீஸைக் காலி செய்து மேசையை எங்கள் மாடி அறைக்குக் கொண்டுவந்தேன். சின்னமனூர், போடி, உத்தமபாளையம் என்று தையல்கடை, பார்லர், சமையல் காண்ட்ராக்ட் எல்லாம் ஏறி இறங்கிச் சின்னச் சின்ன விளம்பரமாகப் பிடித்தேன். கால் வீங்கியது, விடவில்லை. சொன்னபடி திருவிழாவுக்கு முன்னால் வெளியிட்டோம். நம்பரும் கேட்கவில்லை, பேரும் கேட்கவில்லை. முதல் மாதம் கூட்டம் கம்மிதான். அடுத்த மாதம் டாக்டர் கூப்பிட்டு, கேள்விகள் குவிகின்றன, என்னால் மாளவில்லை என்றார். ஆனந்தத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பிறகு தளத்துக்கு ஆண்டுக் கட்டணம் கட்ட உட்கார்ந்தேன். எல்லாம் அடித்து முடித்ததும் திரையில் ஓடிபி கேட்டது. என் போனை எடுத்துப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. அப்புறம்தான் உறைத்தது. பத்திரிகை ஆரம்பித்த காலத்தில் பேங்குக்குக் கூட்டிப்போய்க் கணக்குத் திறந்து கொடுத்தவர் என் கணவர். அன்று நான் எழுதிய நம்பர் அவருடையது. அவர் போடியில் ஏலக்காய் ஏலத்தில் இருந்தார். கூப்பிட்டதும், "வந்துருச்சு, எழுதிக்க" என்று பொறுமையாகப் படித்தார்.

"நம்பரை மாத்தப் போறேன்" என்றேன்.

"எதுக்கு? நீ கேட்டு நான் எப்பவாச்சும் சொல்லாம இருந்திருக்கனா?"

"கேக்கணும்ல" என்றேன். சரி, பேங்குக்குப் போயிட்டு வா என்றார் அவர்.

மறுநாள் பேங்குக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண், "புது நம்பர் சொல்லுங்கம்மா" என்றாள். என் வாயில் வந்தது அவர் நம்பர். பாதி சொல்லிவிட்டேன்.

"இரு தாயி, அதை அழிச்சிரு" என்றேன். என் நம்பரை முதலிலிருந்து நிதானமாகச் சொன்னேன். கைப்பைக்குள் என் போன் ஒலித்தது. எடுத்துப் பார்த்தேன், ஓடிபி.