நூல் நுழையாத சுவர்

கலியாணசுந்தரம் என்று முழுப்பெயரைச் சொல்லிக் கேட்டால் காஜா பெராங் வட்டாரத்தில் பாதிப் பேருக்கு ஆளைத் தெரியாது. 'சந்துக் கலியாணம்' என்று கேளுங்கள், வீட்டு வாசல்வரை கொண்டுபோய் விடுவார்கள். எந்தப் பலகைச் சுவர் கட்டினாலும் பலகைக்குப் பலகை சந்து விட்டுத்தான் கட்டுவார். "காத்து வருதே" என்று வீட்டுக்காரர் முகம் சுளித்தால், "வரட்டும்" என்பார், அவ்வளவுதான். பிடிவாதக்காரர் என்று ஊர் பேசியது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஆனால் அந்தப் பிடிவாதம் அவரோடு பிறந்ததல்ல. மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்த ஆண்டு, ஒரு பகற்பொழுதில் வந்து ஒட்டிக்கொண்டது.

அப்போது அவர் செங் ஊருக்குப் போகும் சாலையில் ஒரு பலகை ஆலையில் தச்சராக இருந்தார். அம்மன் கோயிலை ஒட்டி நம்மவர்கள் ஒரு கூடம் கட்டிக்கொண்டிருந்தார்கள். மூன்று பக்கம் செங்கல் சுவர். கோயிலைப் பார்த்த நான்காம் பக்கம் மட்டும் விசேஷ நாளில் முழுசாகத் திறக்க வேண்டும், மற்ற நாளில் மூட வேண்டும். தூண் நிறுத்திக் கதவு போட்டால் உட்கார்ந்திருப்பவர்களுக்குச் சாமி மறைக்கும். கூடத்துக் கமிட்டித் தலைவர், துணிக்கடை அப்பாசாமி, என்ன செய்வதென்று தெரியாமல் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

வழி சொன்னவர் கலியாணசுந்தரம். மேலேயும் கீழேயும் காடி, அதாவது நீளப் பள்ளம், வெட்டிய சட்டம். நடுவே ஆளுயரத்துக்கும் மேலான பலகைகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு பலகையின் ஓரத்திலும் ஒரு நாக்கு. அது அடுத்த பலகையின் காடிக்குள் போய்க் கவ்வும். நடுப்பலகைக்கு மட்டும் நாக்கும் காடியும் கிடையாது; அதைத் தூக்கி, அடியை வெளியே இழுத்தால் கழன்றுவிடும். பிறகு மற்றவற்றை ஒவ்வொன்றாகத் தள்ளி எடுத்துவிடலாம். ஆணியே இல்லாத சுவர். பழுப்புத் தாளில் வரைந்து வரைந்து அழித்து, ஒரு மாதம் அதே நினைப்பாகத் திரிந்தார்.

மெராந்தி மரம் குடிகாரனைப் போல. தண்ணீரைக் கண்டால் விடாது, குடித்தால் அகலத்தில் ஊதும். அதனால் ஊதுவதற்கென்று ஒவ்வொரு காடிக்குள்ளும் கொஞ்சம் இடம் விட்டிருந்தார். வெளியிலிருந்து பார்த்தால் பலகைகளுக்கு நடுவே மெல்லிய கோடாகச் சந்து தெரிந்தது.

அதுதான் அப்பாசாமியின் கண்ணில் பட்டது. "என்னப்பா கலியாணம், பொக்கை வாய் மாதிரி இளிக்குது? வெள்ளைக்காரன் கொடிய இறக்குற நேரத்துல நம்ம கூடம் இப்பிடியா லா நிக்கணும்?"

கூடி நின்றவர்கள் சிரித்தார்கள். காரணத்தை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அப்பாசாமி கேட்டுக்கொண்டிருப்பார், கெட்ட மனிதரில்லை. கலியாணசுந்தரம் சொல்லவில்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. பெற்ற பிள்ளையைப் பழித்ததுபோல் அவருக்கு முகம் சுருங்கிப்போயிற்று. மறுநாளே வந்து பலகைகளை நெருக்கித் தள்ளினார். நெருக்கியதில் ஓரத்தில் மிச்சமான இடத்துக்கு ஒடிசலாக ஒரு பலகை இழைத்து, மரக் கொட்டாப்புளியால் அடித்து இறக்கினார். மழையில்லாத வாரங்கள் அவை. மரம் வற்றிக் கிடந்தது. அப்பாசாமி வேட்டியிலிருந்து ஒரு நூலை உருவி இணைப்பில் நுழைத்துப் பார்த்தார். போகவில்லை. "நூலுகூட நுழையல லா!" என்று வந்தவர் போனவரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். கலியாணசுந்தரம் வானத்தில் நடந்தார்.

"மழை வந்தா ஊதாதா?" என்று கேட்டவள் அவர் மனைவி சாரதாம்பாள் மட்டும்தான்.

"வெளிப்பக்கம் எண்ணெய்ச் சாயம் ரெண்டு பூச்சு ஏத்தியிருக்கேன். ஒண்ணும் ஆவாது, போ."

வெளிப்பக்கம், சரி. உட்பக்கம் மொட்டைப் பலகை; கூரைக்குள் மழையா பெய்யப்போகிறது என்று விட்டுவிட்டார். புதுக் கட்டடத்தில் முதல் அடுப்பு மூட்டுமுன் பெண்கள் மஞ்சள் தண்ணீரை வாளி வாளியாக ஊற்றிக் கழுவுவார்கள் என்பது அவருக்குத் தெரியாதா? சின்ன வயதிலிருந்து பார்த்ததுதான். செங்கல்லைக் கழுவுகிறவர்கள் பலகையையும் கழுவுவார்கள் என்பதுதான் அந்தக் கெட்டிக்கார மூளைக்கு எட்டவில்லை.

மெர்டேக்காவுக்கு இரண்டு நாள் முன்பு, சாயங்காலம் கழுவினார்கள். கைராசிக்காரப் பெண்கள், தாராளமாகவே ஊற்றினார்கள். கூடவே மழையும் பிடித்துக்கொண்டு விடியும்வரை கொட்டியது. மறுநாள் காலை சாரலுக்குப் பயந்து சுவரைத் திறக்காமல், பக்கவாட்டில் இருந்த சின்னக் கதவு வழியாகவே உள்ளே போய், அந்தக் கதவோரமாக அடுப்பு மூட்டி, பூசைக்கு வடை சுடத் தொடங்கினார்கள். சாரதாம்பாள், அப்பாசாமியின் மகள் கோகிலா, இன்னும் நாலைந்து பெண்கள்.

எண்ணெய்ச் சட்டி சாய்ந்தது. தீ எழும்பி, கதவில் கட்டியிருந்த தென்னந்தோரணத்தைப் பிடித்தது. அங்கிருந்து, பக்கத்தில் கிடந்த அரிசிச் சாக்குகளுக்குத் தாவியது. கண்மூடித் திறப்பதற்குள் இருந்த ஒரே வழி அடைபட்டுப் போயிற்று.

கோயில் முற்றத்தில் பந்தல் போட்டுக்கொண்டிருந்த கலியாணசுந்தரம் ஓடிவந்து நடுப்பலகையைப் பிடித்துத் தூக்கினார். அசையவில்லை. தோள் கொடுத்துத் தூக்கினார். சுவர் முழுக்க ஒரே பலகையாக இறுகிக் கிடந்தது.

"என்னங்க!" உள்ளேயிருந்து சாரதாம்பாளின் குரல். "ஒடைங்க! மூச்சு முட்டுது! ஒடைங்க!"

"இரு, இரு, தூக்கிடறேன்!"

கொட்டாப்புளியை எடுத்தார். தோளில் கிடந்த துண்டை மடித்துப் பலகையின்மேல் வைத்து, கீழிருந்து மேலாக அடித்தார். பலகை ஒரு மயிரிழை ஏறி நின்றுகொண்டது. இடம் மாற்றி வைத்து மறுபடி அடித்தார். இணைப்புகளில் புகை கசியக்கூட இடமில்லை. அவ்வளவு நேர்த்தியான வேலை! உள்ளே கோகிலா கதறிக்கொண்டிருந்தாள், பிறகு இருமல் மட்டும் கேட்டது. அப்பாசாமி வெறுங்கையால் பலகையை அறைந்து அறைந்து அழுதார். சாரதாம்பாளின் குரல் நின்றுபோயிருந்தது.

பக்கத்துக் குடியிருப்பான கம்போங் செட்டியிலிருந்து ஓடிவந்த ஒருவர் கோடரியை அவர் கையில் திணித்தார். "பெச்சா! பெச்சா லா!" உடை, உடை என்று மலாயில் கத்தினார்.

அப்போதுதான் கலியாணசுந்தரத்துக்கு உயிர் வந்தது. ஓரத்துக்கு ஓடினார். தாமே இழைத்து இறக்கிய அந்த ஒடிசல் பலகையை ஓங்கி வெட்டினார். பிளந்தது. இன்னொரு வெட்டில் சிம்பு சிம்பாகத் தெறித்தது. சுவர் முழுக்க முனகிக்கொண்டு அந்தப் பக்கம் தளர்ந்தது. நாலு பேர் நடுப்பலகையைப் பிடித்து உலுக்கிப் பிடுங்கினார்கள். குபுகுபுவென்று புகை வெளியேறியது, பின்னாலேயே பெண்கள் தவழ்ந்து வந்தார்கள். கோகிலாவை இழுத்துக்கொண்டு கடைசியாக வந்தவள் சாரதாம்பாள். யாரும் சாகவில்லை. அம்மன் புண்ணியம் என்று சொல்வதைத் தவிர வேறென்ன சொல்ல?

அப்பாசாமி எல்லார் முன்னாலும் கலியாணசுந்தரத்தின் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எங்கே வெட்டினால் சுவர் விடும் என்று தெரிந்த ஒரே மனுஷன், அவர் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று ஊரே மெச்சியது. அவரும் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டில் சாரதாம்பாள் பாயில் சாய்ந்திருந்தாள். குரல் கம்மிப் போயிருந்தது. அவர் கோப்பி கலக்கிக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு வாய் குடித்தாள்.

"நான் கத்துனது கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"முதல்லயே கேட்டுச்சா?"

"கேட்டுச்சு, சாரதா."

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். "நீங்க அடிச்ச சத்தம் உள்ள மொத்து மொத்துன்னு வந்துச்சு. துண்ட மடிச்சு வச்சா அடிச்சீங்க?"

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவளும் ஒருவேளை அதைத்தான் எதிர்பார்த்தாளோ என்னவோ. அவர் ஆமென்று தலையை ஆட்டினார்.

"பலகையில வடு விழுந்துறக் கூடாதுன்னு," என்றாள் சாரதாம்பாள். கோபமாகச் சொல்லவில்லை. இருமல் வந்தது. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் அவர்கள் நெடுங்காலம் நன்றாகவே வாழ்ந்தார்கள். பிள்ளைகள் பெற்றார்கள், பேரன் பேத்தி எடுத்தார்கள். அந்தப் பேச்சை அவள் மறுபடி எடுக்கவே இல்லை. எடுத்திருந்தால் தேவலை என்று அவர் பலநாள் நினைத்திருக்கிறார்.