ஐஸ் ஹாக்கியும் என் இடது முழங்காலும்

ஆலங்குடிப் பக்கம் ஐஸ் என்றால் தள்ளுவண்டியில் மணியடித்துக்கொண்டு வருவதுதான். துபாயிலிருந்து லீவில் வந்த மச்சினன், ஐஸ் ஹாக்கி வீடியோ கேம் ஒன்றை டி.வி.யில் மாட்டிக்கொடுத்தான். "ஹாக்கிதானே மச்சான், ஒங்களுக்குச் சொல்லியா குடுக்கணும்?" என்று சிரித்துவிட்டு விமானம் ஏறிவிட்டான்.

இடது முழங்கால் ஜவ்வு கிழிந்து, இனி மைதானமே வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்த நேரம் அது. பொங்கலுக்கு எங்கள் பழைய ஹாக்கி டீம் கூடி ஆடும் ஆட்டத்தில், இந்த முறை என்னைக் கோட்டுக்கு வெளியே மேஜை போட்டு உட்கார்ந்து நேரம் பார்க்கச் சொன்னார்கள். நான் இருபது வருஷம் லெஃப்ட் அவுட்டில் ஓடியவன். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். மனதுக்குள் ஒரு கிறுக்குத்தனமான முடிவு. இந்த கேமில் கம்ப்யூட்டரை ஒரே ஒரு தடவை ஜெயித்துவிட்டால் அந்த நாற்காலி எனக்கில்லை, வேறு டாக்டரைப் பார்ப்பேன்.

ஜெயிக்க விட்டால்தானே! எங்கள் ஹாக்கியில் ஆஃப்சைடை எடுத்து எத்தனையோ வருஷமாகிறது. அந்த நினைப்பில் ஓர் ஆளைக் கோல் பக்கம் நிறுத்தினால் விசில். எங்கள் ஆட்டத்தில் ஆளை இடித்தால் கார்டு காட்டுவார்கள். இங்கே எதிராளி என் ஆட்களைச் சுற்றுச்சுவர்ப் பலகையோடு சேர்த்து நசுக்குகிறான், கேட்க நாதியில்லை. சரி என்று நானும் ஒருத்தனை இடித்தேன். இதில் பந்துக்குப் பதில் ரப்பர் வட்டு; வட்டு கையில் இல்லாதவனை இடித்துவிட்டேனாம், இரண்டு நிமிஷம் வெளியே உட்காரச் சொல்லிவிட்டது. எல்லாவற்றையும்விட எரிச்சல், நம் பாதியிலிருந்து வட்டை ஓங்கி அடித்து எதிர்க்கோடியைத் தாண்டிப் போனால் அதுவும் தப்பு. திரும்ப நம் கோல் வாசலிலேயே ஆட்டத்தை ஆரம்பிப்பார்கள்.

ஒரு மாதம் தோற்றேன். அலுத்துப்போயிற்று, ஆனாலும் விடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டுக்கு ஒன்று என்று முன்னால் இருந்தேன். மிச்சம் இருபது விநாடி. வட்டு என் கோல் முன்னால், என் ஆளிடம். கடலை உரித்துக்கொண்டிருந்த மனைவிகூட நிமிர்ந்து பார்த்தாள். அந்த இடத்தில் எங்கள் டீமில் யாராக இருந்தாலும் செய்வதைத்தான் செய்தேன். ஓங்கி ஒரே அடி, எதிர்க்கோடிக்கு.

விசில். என் கோல் வாசலில் மறுபடி வட்டைப் போட்டார்கள். கண் மூடித் திறப்பதற்குள் கோல். கூடுதல் நேரத்தில் இன்னொன்று.

"அப்புடி அடிச்சா விசிலுன்னு ஒங்களுக்குத் தெரியுமில்ல. பெறகு ஏங்க அடிச்சீங்க?" என்றாள்.

"கை அடிச்சிருச்சு."

  கைக்கு இன்னும் பழைய மைதானம்தான் தெரிகிறது. முழங்காலைப் பற்றி அதற்கு யாரும் சொல்லவில்லை.

சாயங்காலம் டீமின் பழைய கோல்கீப்பருக்கு போன் போட்டேன்.

"நேரம் பாக்க வாரேன்."



"வேட்டியில வந்து நிக்காதடா," என்றான். "ஒன்னோட ஜெர்சியைப் போட்டுட்டு வா."