ராசாத்தியின் முட்டைகளும் சாந்தினியும்

சாந்தினியின் தங்கை பிறம்ரன் நகரிலிருந்து அழைத்தபோது நான் சாந்தினியின் வீட்டில்தான் நின்றேன். கையில் பாம்பின் தண்ணீர்க் கிண்ணம். "அக்கா போயிட்டா" என்றாள். கிண்ணத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் நான் அப்படியே நின்றேன். கண்ணாடிப் பெட்டிக்குள் ராசாத்தி தன் முட்டைகளைச் சுற்றிக்கொண்டு கிடந்தாள். இன்னும் ஒன்றும் பொரிக்கவில்லை.

சாந்தினியைத் தெரிந்த உங்களில் பலருக்கு அவர் பாம்பு வளர்த்தது பகிடிக்குரிய விஷயம். எனக்கும் அப்படித்தான் இருந்தது. பிக்கரிங்கிலிருந்து ஒரே ரயிலில் வேலைக்குப் போய்வந்த காலத்தில், "உம்மட மகள் சாப்பிட்டாளோ?" என்று சீண்டுவேன். கோபிக்கமாட்டார். விஷமில்லாத சின்ன மலைப்பாம்பு, பூனையைவிடச் சாது என்பார். நான் ஒருநாளும் நம்பியதில்லை.

ராசாத்தி முட்டையிட்டபோது, அவற்றை எடுத்துச் சூட்டுப்பெட்டியில் வைப்பதே பத்திரம் என்று பாம்பு வளர்க்கும் மற்றவர்கள் சொன்னார்கள். சாந்தினி மறுத்துவிட்டார். "பெத்தவள் தானே காக்கிறன் எண்டு கிடக்கிறாள். பறிக்கிறதுக்கு நான் ஆர்? அறையைச் சூடா வைச்சாக் காணும்" என்றார். அடுத்த கிழமையே அவரை ஆஸ்பத்திரியில் மறித்து வைத்துவிட்டார்கள். புற்றுநோய் திரும்பியிருந்தது. வீட்டுத் திறப்பை என்னிடம் தந்து, தண்ணீர் மாற்றும்படியும் சூட்டைக் கவனிக்கும்படியும் சொன்னார். என்ன நடந்தாலும் அவளைத் தொடக்கூடாது என்பதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். அந்தக் குஞ்சுகளைப் பார்த்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவர் வேறெதையும் கேட்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை என் கணவரும் கூட வந்தார். முட்டையோடு கிடக்கும் பாம்பைக் கண்டதும் மனிதருக்கு ஊரில் கும்பிட்ட பாம்புச் சாமி, நாகதம்பிரான் நினைவு வந்துவிட்டது. நான் குசினியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்க, சாந்தினியின் சாமித்தட்டிலிருந்த சாம்பிராணியைக் கொளுத்திப் பெட்டிக்கு முன்னால் காட்டியிருக்கிறார். புகை அலாரம் வீடே அதிர அலறியது. பதறிப்போய் மின்சார பிரேக்கர்களை எல்லாம் அணைத்தார். அப்போதும் அது நிற்கவில்லை. நான் ஜன்னல்களைத் திறந்து துவாயால் விசிறினேன். ஓய்ந்ததும் எல்லாவற்றையும் திரும்பப் போட்டுவிட்டேன் என்றார். ராசாத்தியின் அறைக்குரியதைத் தவறவிட்டிருந்தார்.

பின்னேரம் நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். ராசாத்தி கிடந்த அறையின் சூடு சாந்தினியின் ஃபோனில் தெரியும். எடுத்துப் பார்த்தவரின் முகம் மாறியது. "அறை குளிருது" என்றார். கணவரை எங்கள் வீட்டு வாசலில் ஏற்றிக்கொண்டு அங்கே காரை ஓட்டினேன். முட்டை குளிர்ந்தால் உள்ளே இருப்பது செத்துப்போகும் என்பது அவருக்கும் தெரியும்.

ஒரு முட்டைகூட வெளியே தெரியாதபடி ராசாத்தி இறுக்கிச் சுற்றியிருந்தாள். தலையை எல்லாவற்றுக்கும் மேலே வைத்திருந்தாள். பிரேக்கரைப் போட்டுவிட்டுச் சாந்தினியை அழைத்தேன்.

"அவள் எழும்பிப் போகேல்லையோ?"

"இல்லை. அப்பிடியே கிடக்கிறாள்."

"அப்ப நீரும் இரும். தொடாதையும்."

அறை பழையபடி சூடாகும்வரை நிலத்தில் இருந்தேன். மறுநாள், முட்டைகள் பிழைத்தனவா என்று எப்படி அறிவது என்று கேட்டேன். "தெரியாமத்தான் அவளும் கிடக்கிறாள்" என்றார். என் கணவரை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சாந்தினிக்கும் சேர்த்து நான்தான் கோபித்துக்கொண்டு திரிந்தேன்.

சாந்தினியின் எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த மறுநாள் ஒரு முட்டை கீறியிருந்தது. கீறலுக்குள்ளிருந்து ஒரு சின்ன மூக்கு எட்டிப் பார்த்தது. மற்றவையும் ஒவ்வொன்றாகக் கீறின; இரண்டு மட்டும் மஞ்சளித்துச் சப்பையாகிக் கிடந்தன. "அது என்னாலயோ?" என்று கணவர் கேட்டார். தெரியாது என்றேன். அதுதான் உண்மை. அவர் கிண்ணத்தை எடுத்துப் போய்த் தண்ணீர் மாற்றிக்கொண்டு வந்தார்.

ராசாத்தி இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறாள். சாம்பிராணி கராஜுக்குப் போய்விட்டது. சாந்தினியின் வீட்டுத் திறப்பைத் தங்கையிடம் கொடுத்துவிட்டேன். "அப்ப நீரும் இரும்" என்று அவர் சொன்னது மட்டும் என்னிடம் இருக்கிறது. அவர் போன நேரத்தில் நான் அவர் பக்கத்தில் இல்லை. அது எனக்கு ஆறாது. ஆனால் அவர் இருக்கச் சொன்ன இடத்தில் இருந்தேன்.